மினியின் ஈசியூவைக் கழற்றிவிட்டு எஸ்.யு. காபரேற்றர் பூட்டலாமா?

லண்டனில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 1996 ஜனவரியில் பதிவான 1.3 மினி, ஒற்றை இன்ஜெக்ரர் உள்ள எஸ்பிஐ வகை. மிதியில் கால் வைக்காமல் நிற்கும் ஐடிலில் துடிக்கிறது. சூடான பிறகு வழியில் இரண்டு தரம் நின்றுவிட்டது. பெற்றோலும் கூடக் குடிக்கிறது. காட்டிய இடத்தில் "எஞ்சினை நடத்தும் ஈசியூ முடிந்துவிட்டது, இந்தக் கொம்பியூற்றர் சாமான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காபரேற்றர் போட்டால் நிம்மதி" என்றார்களாம். செய்யலாமா, என்னென்ன மாற்ற வேண்டும், எஞ்சினின் வலு கூடுமா என்பது கேள்வி.

செய்யலாம் தம்பி. ஸ்பனர் பிடித்துப் பழகிய கைக்கு இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் உங்கள் காருக்கு, நீங்கள் சொன்ன காரணத்துக்காக, செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதை முதலில் சொல்கிறேன். கேட்ட பிறகும் ஆசை விடவில்லை என்றால் செய்முறையும் கீழே இருக்கிறது.

காபரேற்றர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தொழில் பழகியதே அதில்தான். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது, கரண்டும் போனது. அதற்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் ஊர் மொறிஸ் மைனர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சித்தப்பாவின் கராஜில் அப்போது சின்னப் பெடியனான எனக்குக் கொடுத்த வேலை, மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் நாலைந்து சொட்டைக் காபரேற்றர் வாய்க்குள் விடுவது. அந்தச் சொட்டில் எஞ்சின் பற்றிக்கொள்ளும். சூடேறியதும் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். பின்னால் ஒரே புகை, கண் எரியும். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, ஆகவே மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். சித்தப்பா, பொறி விழும் நேரத்தைப் பார்க்கும் டிஸ்ரிபியூற்றரின் கிளாம்பை இளக்கி, கையால் ஒரு துளி திருப்பி, காது கொடுத்துக் கேட்டு இறுக்குவார். தட்டல் அடங்கிவிடும். எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும் என்பதால் ஒயில் மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

அந்த மைனருக்குள் இருந்ததும் உங்கள் மினிக்குள் இருப்பதும் ஒரே குடும்பம். ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் வந்தது. 1952இல் மைனருக்குள் போனது. 1959இல் மினியை வடிவமைத்த இசிகோனிஸ் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் காலடியில் ஒயிலுக்குள்ளேயே அமுக்கி, மினியைச் செய்தார். 2000 ஒக்டோபரில் கடைசி மினி வெளியே வரும்வரை அதே எஞ்சின்தான். ஆகவே உங்கள் எஞ்சினுக்குக் காபரேற்றர் அந்நியம் இல்லை. பிறந்து நாற்பது வருடம் அது காபரேற்றரில்தான் மூச்சு விட்டது. இந்த மாற்றம் இலகு என்று எல்லோரும் சொல்வது அதனால்தான்.

ஆனால் சித்தப்பாவின் மைனரில் மூன்று வேலைகளை மூன்று தனித்தனிச் சாமான்கள் பார்த்தன. எவ்வளவு பெற்றோல் என்பதைக் காபரேற்றர் தீர்மானித்தது. எப்போது பொறி என்பது டிஸ்ரிபியூற்றரின் கையில். தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்தது பம்ப். ஒன்று மற்றதைக் கேட்காது. உங்கள் எஸ்பிஐயில் இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள். இன்ஜெக்ரரைத் திறப்பதும் எம்இஎம்எஸ் என்ற அந்த ஈசியூதான், பொறி விழும் நேரத்தைக் கணக்கிடுவதும் அதுதான், பம்ப் றிலேயைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். உங்கள் டிஸ்ரிபியூற்றரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. பொறியின் நேரத்தை முன்பின் நகர்த்தும் எடைகள் இல்லை, ஸ்பிரிங் இல்லை, வக்யூம் குடுவை இல்லை. பொறியை நாலு பிளக்குக்கும் பங்கு போடுகிற சுழலும் கை மட்டும்தான். ரைமிங்கை ஈசியூ பிளைவீலில் உள்ள பல்வளையத்தைச் சென்சர் மூலம் பார்த்துத் தானே முன்னும் பின்னும் நகர்த்துகிறது. ஆகவே "இன்ஜெக்‌ஷனைக் கழற்றிக் காபரேற்றர் போடுவது" என்ற பேச்சே பாதிதான். காபரேற்றர் மூன்றில் ஒரு பங்கு வேலை. மற்ற இரண்டையும் நீங்கள் வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும்.

இனி உங்கள் காரின் வருத்தம். ஈசியூ செத்துவிட்டது என்று கேட்டதும் எனக்குச் சந்தேகம்தான். ஈசியூ செத்தால் பெரும்பாலும் எஞ்சின் ஸ்ராட்டே ஆகாது. உங்கள் கார் ஓடுகிறது, துடிக்கிறது, கூடக் குடிக்கிறது. இது ஈசியூவுக்குப் பொய்த் தகவல் போகிற அடையாளம்.

எஸ்பிஐயில் முதலில் பார்க்க வேண்டியது மெல்லிய வக்யூம் குழாய்கள். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மனிபோல்டிலிருந்து ஒரு குழாய், இடையில் பெற்றோல் ஆவியைப் பிடிக்கும் சின்னக் குடுவை வழியாக, ஈசியூவுக்குள்ளேயே போகிறது. எஞ்சின் எவ்வளவு சுமையில் இழுக்கிறது என்பதை ஈசியூ அறிவது அந்தக் குழாய் தரும் அமுக்கத்தை வைத்துத்தான். முப்பது வருடச் சூட்டில் அதன் இறப்பர் முழங்கைகள் வெடித்துவிடும். காற்று உள்ளே போனால் அமுக்கம் வெளிக்காற்றுக்குக் கிட்ட நிற்கும். ஈசியூ என்ன நினைக்கும்? "ஆள் முழு மிதி மிதிக்கிறார்" என்று நினைத்துப் பெற்றோலை ஊற்றும். துடிப்பும் வரும், செலவும் கூடும். சரியாக்க வேண்டியது சில பவுண் பெறுமதியான இறப்பர் துண்டு.

அடுத்தது மனிபோல்டில் இருக்கும் தண்ணீர்ச் சூட்டுச் சென்சர். அது பழுதாகி எப்போதும் "குளிர்" என்றே சொன்னால், சூடான எஞ்சினுக்கும் குளிர்கால அளவில் பெற்றோல் போகும். சூடான பிறகு வழியில் நிற்பதற்கு இன்னொரு ஆளைப் பிடிக்கலாம்: பிளைவீல் பக்கத்துச் சென்சர். சூட்டில் அதன் கம்பிச் சுருள் அறுந்து, ஆறியதும் திரும்ப ஒட்டிக்கொள்ளும் வியாதி சென்சர்களுக்குப் பொதுவானது. எஞ்சின் அறைக்குள் இருக்கும் றிலேப் பெட்டியின் கால்களில் பச்சை பூத்திருந்தாலும் இதே கதைதான்.

ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த ஈசியூவுக்கு மூன்று முனைச் சோதனைச் சொருகி ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு யூஎஸ்பி வயர், மடிக்கணினியில் இலவச மென்பொருள், அவ்வளவுதான். எஞ்சின் நிற்கும்போது அமுக்கம் கிட்டத்தட்ட 100 கிலோ பஸ்கால் காட்ட வேண்டும். ஐடிலில் அதில் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாயைப் பிடியுங்கள். தண்ணீர்ச் சூடு எஞ்சின் ஓட ஓட ஏறி 80, 90 பாகையில் நிற்க வேண்டும். இதைப் பார்க்காமல் "ஈசியூ முடிந்தது" என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் காபரேற்றர் தெரியும், ஈசியூ தெரியாது என்று அர்த்தம். உண்மையிலேயே பெட்டி போயிருந்தாலும் பழைய எஸ்பிஐ ஈசியூ தேடினால் கிடைக்கும், திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சில ஈசியூக்கள் காரின் அலாரப் பெட்டியோடு சோடி சேர்ந்தவை. அதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம் சட்டம். பிரித்தானியாவில் 1995 ஓகஸ்ட் 1இலோ பிறகோ முதலில் பாவனைக்கு வந்த பெற்றோல் காருக்கு, எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனையில், எக்ஸோஸ்டில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கிப் பெட்டி உள்ள காருக்கான புகைச் சோதனைதான். உங்கள் கார் 1996. வேக ஐடிலில் காபன் மொனொக்சைட் 0.3 வீதத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு லாம்டா என்கிற காற்று - பெற்றோல் விகித அளவு 0.97க்கும் 1.03க்கும் இடையில் நிற்க வேண்டும். 1992க்கு முந்திய காருக்கு இருந்த 3.5 வீதம் என்ற தாராளம் உங்களுக்கு இல்லை. இன்ஜெக்‌ஷன் இந்த ஒடுக்கமான இடைவெளிக்குள் நிற்பது கெட்டித்தனத்தால் அல்ல. லாம்டா சென்சர் எக்ஸோஸ்டை மோந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது. எஸ்.யு. காபரேற்றருக்கு மூக்கு இல்லை. காலையில் நீங்கள் வைத்த இடத்தில் அது நிற்கும். வெயில் மாறும், மழை வரும், அதற்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் நல்ல கையால் மெலிதாக வைத்துச் சோதனையில் தப்பிக்கலாம். வருடா வருடம் தப்பிப்பது வேறு விஷயம். வினையூக்கிப் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கம்பனி போட்டதைக் காணவில்லை என்றால் 2018 மே மாதத்து விதிகளின்படி அதற்கே எம்ஓடி தோல்வி. இருக்கட்டும் என்று வைத்துவிட்டுக் காபரேற்றரால் கூடுதலாகப் பெற்றோல் விட்டால், எரியாத பெற்றோல் அந்தப் பெட்டிக்குள் போய் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு உருகும்.

நாற்பது வயதானால் எம்ஓடியே தேவையில்லை என்பது உண்மை. உங்கள் மினிக்கு அது 2036. புகை கூடிய கார்களுக்கான லண்டனின் யூலெஸ் கட்டணம் 12.50 பவுண் இப்போதும் கட்டத்தான் வேண்டும், காபரேற்றர் போட்டாலும் கட்டத்தான் வேண்டும். அதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. காப்புறுதிக் கம்பனிக்கு மட்டும் இந்த மாற்றத்தைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

வலு கூடுமா என்ற கேள்விக்குக் கம்பனியின் கணக்கே பதில். 1990இல் வந்த மினி கூப்பர், எஸ்.யு. கம்பனியின் எச்ஐஎஃப் 44 என்ற காபரேற்றரோடு 61 குதிரைவலு. அடுத்த வருடம் ஒக்டோபரில் அதே கூப்பர் எஸ்பிஐ ஆனபோது 63. காபரேற்றர் போடுவதால் மட்டும் குதிரை கூடாது. எம்ஜி மெற்றோ அதே 1275 சிசி, அதே ஒற்றை எச்ஐஎஃப் 44 வைத்து 72 எடுத்தது என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்தக் குதிரைகள் வந்தது வால்வுகளைத் திறக்கும் காம்சாஃப்ற்றிலும் பெரிய வால்வுகளிலும் இருந்து. உங்கள் ஹெட்டையும் காம்சாஃப்ற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு காபரேற்றரை மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம்தான். உறிஞ்சும் சத்தம் நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஒரு சின்ன விலகல். இந்த எஞ்சினுக்கு இன்ஜெக்‌ஷன் போடக் கம்பனிக்காரர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால் எஸ்பிஐ ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கும். நாலு சிலிண்டருக்கு உள்ளே போகும் வாசல் இரண்டே இரண்டு. 1உம் 2உம் ஒரு வாசல், 3உம் 4உம் இன்னொன்று. வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே ஒரு வாசலில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் அடுத்தடுத்து இழுக்கும், பிறகு நெடுநேரம் சும்மா இருக்கும். முதலில் இழுப்பவன் எடுத்து மிச்சத்தை அடுத்தவனுக்கு விடுகிறான். ஒரே பந்தியில் இரண்டு பேருக்கு ஒரு வாழையிலை போட்டது போல. சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்ரர் என்று சாதாரணமாகப் போட முடியாது. அதனால்தான் முதலில் துரொட்டிலுக்கு மேலே ஒரே ஒரு இன்ஜெக்ரரை வைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் மின்சாரத்தில் இயங்கும் காபரேற்றர். 1996 ஒக்டோபரில் வந்த எம்பிஐயில்தான் வாசலுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்ரர். உங்களுடையது அதற்குச் சில மாதம் முந்தியது, நல்லதாகப் போயிற்று. எம்பிஐயில் டிஸ்ரிபியூற்றரே இல்லை, மாற்றுவது இன்னும் பெரிய தலையிடி.

இவ்வளவும் கேட்டும் செய்யத்தான் போகிறேன் என்கிறீர்களா? பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிற கார் என்றால், அல்லது இலங்கை மாதிரி வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால், நானும் செய்வேன். சரி, வாருங்கள்.

காபரேற்றர் எச்ஐஎஃப் 44 ஒன்று. இரட்டைக் காபரேற்றர் அழகுதான், ஆனால் இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற பொறுமை முதல் வேலையிலேயே வேண்டாம். எஸ்.யு.வின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற செருப்புக் கடைக் குடும்பத்துச் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த யோசனை இன்றும் மாறவில்லை. மேலே ஒரு கோபுரம், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் கூரான ஊசி, ஊசி நுழைந்து நிற்கும் ஜெட். எஞ்சின் கூட இழுத்தால் பிஸ்டன் மேலே எழும், ஊசியும் எழும், மெலிந்த பக்கம் ஜெட்டுக்குள் வர, இடைவெளி கூடும், பெற்றோல் கூடும். மற்றக் காபரேற்றர்களில் ஐந்தாறு ஜெட் செய்கிற வேலையை ஓர் ஊசி செய்கிறது. அந்த ஊசியின் விட்டத்தை எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தரம், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஊசிகள். உங்கள் ஈசியூவுக்குள் எண்களாக இருக்கும் வரைபடம் இங்கே பித்தளையில் கடைந்திருக்கிறது. ஆகவே "ஒரு எச்ஐஎஃப் 44 வாங்கினேன்" என்றால் போதாது, எந்த எஞ்சினிலிருந்து வந்தது, என்ன ஊசி என்று பாருங்கள். ஊசியின் தோளில் எழுத்து வெட்டியிருக்கும். எம்ஜி மெற்றோவிலிருந்தோ காபரேற்றர்க் கூப்பரிலிருந்தோ வந்தது என்றால் உங்கள் எஞ்சினுக்குக் கிட்ட நிற்கும். பெரிய ரோவர் காரிலிருந்து வந்த 44 பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஊசியும் ஸ்பிரிங்கும் வேறு.

கோபுரத்தின் மேல் மூடியைக் கழற்றினால் சின்னத் தணிப்பான் தண்டு ஒன்று ஒயிலுக்குள் நிற்கும். திடீரென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளிவிடாமல் அந்த ஒயில் பிடிக்கும். அந்த ஒரு கணம் இழுப்பு கூடிப் பெற்றோலும் கூட வரும். ஒயில் இல்லாமல் ஓட்டினால் மிதித்தவுடன் கார் தடக்கும். பழைய காபரேற்றர் வாங்கிய எத்தனையோ பேர் வேறெதையெல்லாமோ மாற்றிவிட்டு வருவார்கள். நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த மூடியைத்தான்.

மனிபோல்ட் அலுமினியத்தில், தண்ணீர் சுற்றி ஓடுவது வேண்டும். பிறேக் சேவோவுக்கு வக்யூம் எடுக்கும் வாய் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். உங்கள் மினியில் சேவோ இருக்கிறது, அது இல்லாமல் பிறேக் கல்லாகிவிடும். இன்னொன்று, உள்ளே போகும் மனிபோல்டும் வெளியே வரும் எக்ஸோஸ்ட் மனிபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கஸ்கெட்டில், ஒரே தடித்த வாஷர்களுக்குக் கீழே நிற்கின்றன. இரண்டின் விளிம்புத் தடிப்பும் சமனாக இல்லாவிட்டால் ஒன்று இறுகும், மற்றது ஊதும். புதிய மனிபோல்டின் விளிம்பை அளந்து, தேவையென்றால் கடைந்து எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். இந்த இடத்தில் காற்று ஒழுகினால் பிறகு காபரேற்றரை எத்தனை தரம் திருப்பினாலும் ஐடில் நிற்காது.

இனி பெற்றோல். இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். உங்கள் தாங்கிக்குள் இருக்கும் பம்ப், துரொட்டில் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்துக்கானது. எஸ்.யு.வின் மிதவை ஊசி தாங்குவது மூன்று, கூடினால் நாலு இறாத்தல். அதற்கு மேல் போனால் மிதவை மூடப் பார்க்கும், பெற்றோல் தள்ளித் திறந்துகொண்டு வழியும். மினியில் காபரேற்றர் எஞ்சினுக்குப் பின்னால், எக்ஸோஸ்டுக்கு நேர் மேலே இருக்கிறது என்பதை யோசியுங்கள்.

இது எனக்கே நடந்தது. இங்கே பிரித்தானியாவுக்கு வந்த புதிதில் ஒரு சிநேகிதரின் எஸ்பிஐயை மாற்றிக் கொடுத்தேன். தாங்கியிலுள்ள பம்பைக் கழற்றச் சோம்பல். மலிவான அமுக்கக் கட்டுப்பாட்டுக் குமிழ் ஒன்றை இடையில் போட்டு, "மூன்று இறாத்தல்" என்று எழுதியிருந்த இடத்தில் திருப்பி விட்டேன். மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சிக்னலில் நின்றபோது பெற்றோல் மணம். பொனற்றைத் திறந்தால் மிதவை அறையின் மேல் குழாயிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே எக்ஸோஸ்ட். தீப்பற்றவில்லை, அது எங்கள் அதிஷ்டம் மட்டும்தான். அந்தக் குமிழுக்குப் பெற்றோலைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும் வழி இல்லை. பெரிய பம்ப் ஓயாமல் தள்ள, அது தோற்றுப்போனது.

ஆகவே பெரிய பம்பை விட்டுவிடுங்கள். மூன்று இறாத்தல் அளவில் தள்ளும் குறைந்த அமுக்க மின்பம்ப் ஒன்றைத் தாங்கிக்கு அருகில், தாழ்வாக வையுங்கள். பழைய மினிகளில் எஞ்சின் பக்கவாட்டில் காம்சாஃப்ற் தள்ளும் பம்ப் இருந்தது. உங்கள் புளொக்கில் அதற்கு ஓட்டை இருக்கிறதா, காமில் அதற்கான மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் அதை வாங்காதீர்கள். திரும்பிப் போகும் குழாய் காரில் ஏற்கெனவே இருக்கிறது, அதை மூடிவிடாமல் பாவியுங்கள். குழாயில் பெற்றோல் ஓடிக்கொண்டே இருந்தால் சூட்டில் ஆவியாகித் தடைப்படுவது குறையும். எல்லா இறப்பரும் எதனோல் தாங்குவதாக இருக்கட்டும். 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10, அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்தது. பழைய காபரேற்றரின் உள் இறப்பர்கள் அதற்குச் செய்தவை அல்ல.

பம்புக்குக் கரண்ட் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எஞ்சின் சுழலவில்லை என்றால் ஈசியூ பம்பை நிறுத்தும். அதைக் கழற்றிவிட்டுச் சாவியிலிருந்து நேரே வயர் இழுத்தால், விபத்தில் குழாய் அறுந்தாலும் பம்ப் ஊற்றிக்கொண்டே இருக்கும். காரில் இருக்கும் மோதல் சுவிச்சைப் பாதையில் வையுங்கள். அதோடு பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் கொயிலின் துடிப்பைப் பார்த்து, துடிப்பு நின்றால் பம்பை நிறுத்தும் றிலே ஒன்றும் போடுங்கள். சின்னச் செலவு.

பொறிக்கு, உள்ளே எடைகளும் வக்யூம் குடுவையும் உள்ள பழைய காபரேற்றர் மினியின் டிஸ்ரிபியூற்றர் வேண்டும். பொயின்ற் இல்லாத 65டிஎம்4 வகை நல்லது. புளொக்கில் நேரே இறங்கும். கொயிலை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஈசியூ நேரம் பார்த்துக் கரண்ட் விடுகிற உங்கள் கொயிலின் தடை மிகக் குறைவு. பழைய முறையில் பூட்டினால் கொயிலோ, அதற்குக் கரண்ட் விட்டு நிறுத்தும் மொடியூலோ எரியலாம். புதிய டிஸ்ரிபியூற்றருக்குச் சோடியான கொயில் வாங்குங்கள். சுழலும் கை இடஞ்சுழியாகப் போகிறது, 1-3-4-2, வயர் மாற்றும்போது கவனம். ஸ்றோப் விளக்கு வைத்து, வக்யூம் குழாயைக் கழற்றிவிட்டு, கூடிய சுற்றில் பொறி முந்துவது மொத்தம் 30 பாகை அளவில் நிறுத்துங்கள். ஐடிலில் என்ன காட்டுகிறது என்பது அதற்குப் பிறகுதான். எடையும் ஸ்பிரிங்கும் தேய்ந்த டிஸ்ரிபியூற்றரில் ஐடில் எண் சரியாக இருந்தும் மேலே தட்டிக்கொண்டிருக்கும்.

சோக் வயர் ஒன்று டாஷ்போட்டிலிருந்து இழுக்க வேண்டும், உங்கள் காரில் அது கிடையாது. துரொட்டில் வயருக்கு வேறு கொழுவி. காற்று வடிகட்டிக்கு எக்ஸோஸ்ட் பக்கமிருந்து சூடான காற்று எடுக்கும் குழாயை வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் இது கேட்டால் சிரித்திருப்பேன். இங்கே நவம்பர் மாதத்து ஈரத்தில், வெளியே ஐந்து பாகை என்றால், பெற்றோல் ஆவியாகும் குளிரில் காபரேற்றர் வாய்க்குள்ளேயே ஐஸ் பிடிக்கும். மோட்டர்வேயில் இருபது நிமிடம் ஓடிய பிறகு வலு குறைந்து நிற்கும், ஓரங்கட்டிப் பத்து நிமிடம் இருந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்ராட் ஆகும். எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகிவிடுவதால் கையில் ஒரு தடயமும் அகப்படாது.

கலவை பிடிப்பது கடைசி. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஜெட்டின் தலையை, பிஸ்டன் இறங்கி நிற்கும் பாலத்தோடு சமமாக்கி, பக்கவாட்டு ஸ்குரூவை வலஞ்சுழியாக இரண்டு சுற்று கொடுத்துத் தொடங்குங்கள். எச்ஐஎஃப்பில் வலஞ்சுழி என்றால் பெற்றோல் கூடும். பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்குள் மெதுவாகத் தூக்குங்கள். சுற்றுக் கூடிக் கூடியே நின்றால் பெற்றோல் அதிகம். படுத்துவிட்டால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. சித்தப்பாவிடம் இதற்கு மேல் ஒரு கருவியும் இருந்ததில்லை. உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். எக்ஸோஸ்டில் பழைய லாம்டா சென்சரின் துளை இருக்கிறது, அதில் அகலவீச்சு லாம்டா மீற்றரின் சென்சரைப் பூட்டி, ஓட்டிக்கொண்டே பாருங்கள். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு என்ற கணக்கில், முழு மிதியில் 13க்குக் கிட்ட, சமவேகத்தில் 14க்கு மேல் காட்டினால் ஊசி பொருந்துகிறது. ஐடிலில் சரி, மேலே மெலிவு என்றால் ஸ்குரூவைத் தொடாதீர்கள், ஊசியை மாற்றுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். கழற்றுகிற வயர்க் கட்டை வெட்டாதீர்கள். சொருகிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, துரொட்டில் பொடி, ஈசியூ, பழைய டிஸ்ரிபியூற்றர், கொயில் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். மாற்றாத எஸ்பிஐ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறது, விற்கும்போது அந்தப் பெட்டியைக் கேட்பார்கள்.

ஆனால் இவ்வளவுக்கும் முதல், வருகிற சனிக்கிழமை அந்த வக்யூம் குழாய்களைப் புதிதாகப் போட்டு, யூஎஸ்பி வயரைச் சொருகி, ஐடிலில் அமுக்கம் எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு என்று இரண்டு எண்ணை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கதைப்போம்.